அக்காவுக்காகப் போடாத உப்பும் மிளகும்

திண்டுக்கல்லில் தோல் டாக்டரின் வராந்தாவில், இடது கன்னத்தை முந்தானையால் மூடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு கட்டி. மிளகளவில் தொடங்கி, இரண்டு வருடத்தில் நெல்லிக்காயாகியிருந்தது.

அதே கன்னத்தில்தான் முன்பு என் அக்காவுக்குப் புற்று வந்து அழுகியது. "எனக்காக அந்தோணியார் கோயில்ல உப்பும் மிளகும் போட்டுட்டு வாடி" என்று கேட்டாள். கட்டி, மரு வந்தால் எங்கள் பக்கம் அப்படிப் போடுவது வழக்கம். அப்போது மல்லிகை பறிக்கும் நேரம். அடுத்த செவ்வாய் போகிறேன் என்றேன். அதற்குள் அவள் போய்விட்டாள்.

எனக்கும் கட்டி வந்ததும், அவள்தான் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசினேன். தோல் வெந்து, சீழ் பிடித்து, கண்வரை வீங்கியது. மருமகள் ரோஸ்லின் பார்த்துவிட்டாள்.

"ஏத்தே, இம்புட்டு நாளா புதுப்பொண்ணு மாதிரி மூஞ்சிய மூடிக்கிட்டுத் திரிஞ்சது இதுக்குத்தானா?"

டாக்டர் சின்னப் பெண். தொட்டுப் பார்த்து, "வீட்டுல யாருக்காச்சும் புத்து இருந்துச்சா ஆத்தா?" என்றாள்.

"எங்க வம்சத்துல யாருக்கும் ஒண்ணுமில்ல."

அக்காவின் படம் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. கூட வந்த ரோஸ்லின் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் சீழ் வற்ற மாத்திரை. பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியை உறையோடு (கசடைச் சுற்றியிருக்கும் பை, அது தங்கினால் கட்டி திரும்ப வரும்) எடுத்தார்கள். வலியில்லை. யாரோ முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல மட்டும் இருந்தது.

எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை கண்ணாடியில் நின்றது அக்காதான்.

"சாதாக் கட்டிதான் ஆத்தா, புத்து இல்ல. சுண்ணாம்ப இனிமே வெத்தலைக்குக்கூடத் தொடாதீங்க."

எழுந்தவள் உட்கார்ந்துவிட்டேன். "எங்க அக்காவுக்கு இருந்துச்சு தாயி. நான்தான் மறைச்சேன்."

"அப்ப அவங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பது."

சொன்னபோதுதான் உறைத்தது. என் அக்கா இப்போது என் மருமகளைவிடச் சின்னவள்.

அடுத்த செவ்வாய் கோயிலுக்குப் போனேன். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

முகத்தில் கட்டி வந்தால் எதையும் பூசாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கேட்டால், செத்தவர்களையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தழும்பு நூலளவுதான். பனிக்காலத்தில் காலையில் பூப்பறிக்கக் குனியும்போது அது இழுக்கும். இப்போது நான் முகத்தை மூடுவதில்லை.

"இந்தா வாரேன்க்கா" என்கிறேன்.