பாதியில் அறுத்த படம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சின்னமனூரில் பேருந்து நிலையத்தின் அருகே நான் தொலைபேசிக் கடை நடத்தி வந்தேன். இரண்டாயிரமாவது ஆண்டையொட்டி அங்கே ஒரு கணினியும் மோடமும் சேர்த்தேன். இணையத்திலிருந்து எதை இறக்கச் சொன்னாலும், எவ்வளவு நேரமாகும் என்பதே வருவோரின் முதற்கேள்வி. மோடம் பெட்டியில் அச்சிட்டுள்ள வேகத்தை நம்பலாகாது. இணைப்புக் கிடைத்ததும் திரையில் தோன்றும் எண்ணைப் பத்தால் வகுத்தால், நொடிக்கு எவ்வளவு இறங்கும் என்பது ஏறக்குறையத் தெரியும். கோப்பின் அளவை அதனால் வகுத்து, சாரல் காலமாயின், ஈரத்தில் இணைப்புத் தடுமாறும் என்பதால், சற்றுக் கூட்டிச் சொல்வேன். பெரும்பாலும் ஒத்துவரும்.

ஓர் ஆடி மாதப் பிற்பகல், மார்க்கையன்கோட்டையிலிருந்து ஓர் அம்மையார் தம் தம்பியுடன் வந்தார். வளைகுடா நாட்டில் கட்டட வேலையின்போது சாரம் சரிந்து, அவருடைய மகன் மருத்துவமனையில் கிடந்தான். அவனுடைய நண்பன் மின்னஞ்சலில் ஒரு படம் அனுப்பியிருந்தான். சிறிது நேரத்தில் என் கடைக்கே தொலைபேசியில் அழைப்பதாகவும் சொல்லியிருந்தான். கடையில் இருந்ததோ ஒரே தொலைபேசி இணைப்பு; இணையமும் அதன் வழியேதான். படம் இறங்கும்வரை எந்த அழைப்பும் உள்ளே வாராது. இடையில் துண்டித்தால், மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும்.

"எம்புட்டு நேரமாகும்ணே?"

"பத்து நிமிசம் தாயி. போன் வாரதுக்குள்ள வந்துரும்."

படம் மேலிருந்து கீழாக, வரி வரியாகத் தோன்றியது. தலையில் சுற்றிய மருந்துக்கட்டு வந்தது, நெற்றி வந்தது. வெளியே சாரல் வலுக்க, வேகம் பாதியாகக் குறைந்தது.

"கம்பத்துல இருந்து மாட்டுவண்டியே வந்துருக்கும்ணே," என்றார் தம்பி.

கண்கள் வந்தன. திறந்திருந்தன.

"முழிச்சிருக்கான்," என்றார் அம்மையார்.

நான் சொன்ன நேரம் கடந்தபோது படம் மார்பளவே வந்திருந்தது.

"போதும்ணே, அறுத்து விடுங்க. போன் வரட்டும்."

"அக்கா, முழுசாப் பாத்துருவோம்."

"மூஞ்சியப் பாத்தாச்சுல்ல. அந்தப் பய கூப்பிட்டுப் பாத்துட்டு விட்டுட்டான்னா?"

துண்டித்தேன். சற்று நேரத்தில் மணி அடித்தது. அம்மையார் ரிசீவரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "எந்திரிச்சு நடக்கானாப்பா?" என்று இருமுறை கேட்டார். பிறகு கீழே வைத்தார்.

"உசுருக்கு ஒண்ணுமில்லையாம். நடக்கானான்னு கேட்டா, படத்தப் பாருங்கம்மாங்கிறான்."

மீண்டும் இணைத்தேன். கிடைத்த வேகம் முன்னையதிலும் குறைவு. கணக்குப் போட்டுச் சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம்ணே, சொல்லாதீக," என்றார்.

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முகம், மார்பு, இடுப்புவரை போர்த்திய வெள்ளைப் போர்வை. இடக்காலின் மேல் போர்வை மேடிட்டிருந்தது. மறுபுறம், முழங்காலுக்குக் கீழே, கட்டிலோடு தட்டையாகப் படிந்திருந்தது.

அம்மையார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் வருதாண்ணே?"

"முடிஞ்சிருச்சு தாயி."

தம்பி அவர் தோளைப் பற்றினார். அவர் எழுந்திருக்கவில்லை.

ஐயா, அம்மையீர், நடந்தது இவ்வளவே. இதைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.