எடுத்தால் எது விழும்

அடுக்களை அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்களில் அடியில் இருப்பதுதான் ராமாமணிக்கு எப்போதும் வேண்டும். வலது கையால் அதை உருவுவாள். இடது உள்ளங்கை மேலே இருக்கிற நான்கையும் பக்கவாட்டில் அணைத்துப் பிடித்திருக்கும். உருவி முடித்த பிறகும் அந்தக் கையை உடனே எடுக்கமாட்டாள். மூன்று எண்ணும் நேரம் காத்திருந்து, எதுவும் அசையவில்லை என்று தெரிந்த பிறகே விடுவாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டாலும் இதில் மாற்றம் கிடையாது. அக்கா பங்காரு வாசலில் நின்று கத்துவாள். "எது உழும்னு பாத்துப்போட்டு வாரேன்க்கா" என்று உள்ளிருந்து பதில் வரும்.

வீட்டு முருங்கையின் பெரிய கிளையை வெட்ட ஆள் வந்தபோது, அவனை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு ஒரு தாளில் எழுதினாள். கிளையில் கட்டியிருந்த துணிக்கொடி ஒன்று. கேபிள் டிவி ஒயர் ஒன்று. பக்கத்து வீட்டு பக்ருன்னிசா பின்வாசலுக்கு மாட்டியிருந்த பல்பு ஒன்று. மூன்றையும் அவிழ்த்து வேறிடத்தில் கட்டிய பிறகுதான் அரிவாள் ஏறியது. "ஒரு கெளைய வெட்டறதுக்கு லிஸ்டுங்களா?" என்று அந்த ஆள் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சிங்காநல்லூரில் பஸ் ஏறி அவள் போவது, ஒன்பது நூற்பாலைகளை நடத்தும் ஒரு குழுமத்தின் தலைமை அலுவலகத்துக்கு. அங்கே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நாலு பீரோ அகலத்துக்கு ஒரு மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருக்கும். அதற்காக வைத்த குளிரில் மற்றவர்கள் கையைத் தேய்த்துக்கொள்வார்கள். ராமாமணி சித்திரை மாதத்திலும் சேலைக்கு மேல் பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பாள். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்து, பதினைந்து வருடத்துக்கு முன் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தவள். சுற்றி இருப்பவர்கள் எல்லாம் எம்.சி.ஏ. மற்றவர்கள் கசக்கிப் போட்ட பிரிண்ட்-அவுட்டுகளை நீவி எடுத்துப் படித்தே டேட்டாபேஸ் வரைக்கும் வந்திருக்கிறாள்.

அவளிடம் பழுப்பு அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்று உண்டு. திரையில் அடிக்க வேண்டிய ஆங்கிலக் கட்டளைகள் அதில் தமிழ் எழுத்தில் இருக்கும். ஆபத்து இல்லாதவை நீல மை. 'டிராப்' என்ற சொல் மட்டும் எங்கே வந்தாலும் சிவப்பு மை, கீழே இரட்டைக் கோடு. டிராப் என்றால் அட்டவணையை அடியோடு நீக்குவது.

தொழிலாளர்கள் அத்தனை பேர் விவரமும் ஒரே அட்டவணையில் இருந்தது. ஒவ்வொரு மில் கேட்டிலும் உள்ள கருவி, தன் ஆட்களை மட்டும் காட்டும் ஒரு சின்ன ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும். அந்த ஜன்னலுக்கு வியூ என்று பெயர். கார்டைத் தேய்த்தால் பச்சை விளக்கு, உள்ளே போகலாம். அட்டவணையை நீக்கினால் அதை நம்பியிருக்கும் ஒன்பது வியூவும் சத்தமில்லாமல் கூடவே போய்விடும். பிறகு எந்தக் கார்டுக்கும் சிவப்புதான்.

அட்டவணையில் ஓர் எண்ணின் இலக்கத்தைக் கூட்டுவதற்குக்கூட அதை நீக்கிவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும். அந்த வேலைக்கென்று தொண்ணூற்றெட்டு மாசியில் ஒரு மென்பொருள், எல்லோர் வாயிலும் 'டூல்', வந்தது. மூன்று வளையம் போட்ட தடித்த பைண்டரும் ஒரு டேப்பும். சென்னையிலிருந்து வந்தவர் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். பட்டியலில் அட்டவணையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டி, பழைய அளவின்மேல் புதிய அளவை அடித்தால் போதும். விவரங்களை வெளியே எடுத்துவைப்பது, அட்டவணையை நீக்குவது, புதிதாகக் கட்டுவது, திரும்ப நிரப்புவது, வியூக்களை மறுபடி அமைப்பது எல்லாவற்றையும் டூலே எழுதிக் கொடுத்துவிடும். "நீங்க எதையும் ஞாபகம் வெச்சுக்கவே வேண்டாம்" என்றார். ராமாமணி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நீல மையா சிவப்பு மையா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, பென்சிலில் எழுதினாள்.

முதல் வேலையும் தயாராக இருந்தது. தொழிலாளர்களின் டோக்கன் எண்ணை நாலு இலக்கத்திலிருந்து ஆறு இலக்கமாக்க வேண்டும். பிரிவுத் தலைவர் சென்னகேசவன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமை ஒம்பது மில்லும் லீவு. அன்னிக்கு முடிச்சுப்போடுங்க அம்மணி. சரியா வந்துதுன்னா டேட்டாபேஸ் உங்க கையில. வரலீன்னா மேல இருக்கறவங்க சென்னையிலிருந்து ஆளப் போட்டிருவாங்க. உங்களுக்கு மறுக்கா என்ட்ரி செக்சன்தான்."

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து பழகினாள். ஞாயிறு காலை ஒன்பதுக்கு டூல் இருநூற்றுப் பன்னிரண்டு வரி எழுதிக் கொடுத்தது. எண்டர் தட்டவேண்டியதுதான் பாக்கி. ராமாமணி அதைப் பிரிண்ட் எடுத்தாள். ஓரத்தில் ஓட்டை போட்ட அகலத் தாளை மேசையில் விரித்து, மர ஸ்கேலை வைத்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தாள். மேலிருந்து படித்தால் கண் தானாக ஓடிவிடும் என்பது அவள் கணக்கு.

பக்கத்து நாற்காலியில் ரவிதேஜா. எம்.சி.ஏ. முடித்து இரண்டு வருடம்.

"ஏனுங்க்கா, நீங்க எண்டர் தட்டறதுக்குள்ள ரெண்டாயிரம் வருசமே பொறந்துருமுங்க."

"பொறக்கட்டும் கண்ணு. பொறந்தா பேரு வெச்சுக்கலாம்."

வியூக்கள் இருந்த பகுதியில் பென்சில் நின்றது. எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டு. நோட்டைத் திறந்தாள். கார்டுக் கருவி வைத்தபோது ஒவ்வொரு கேட்டுக்கும் நேரில் போய் எழுதிவந்த பட்டியலில் ஒன்பது இருந்தன. இல்லாதது கோபிசெட்டிபாளையம் மில்.

"டூலு தப்பு பண்ணாதுங்க்கா" என்றான் ரவிதேஜா. "உங்க நோட்டுலதான் என்னமோ..." டீ வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனான்.

அவள் திரைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். முதல் திரையின் மேல் மூலையில், உரிமையாளர் பெயர் போடும் கட்டத்தில் ஆறு எழுத்துகள் இருந்தன. குழுமத்தின் பெயர்ச் சுருக்கம். பட்டியல் நீளமாக வருகிறதே, அந்தப் பெயரில் உள்ளவை மட்டும் வரட்டும் என்று சனிக்கிழமை பழகும்போது அவளே போட்டது. கடைசியாக அடித்ததை அந்த டூல் மறக்காமல் வைத்திருக்கும். கோபி மில் இரண்டு வருடத்துக்கு முன் வேறொருவரிடம் வாங்கியது. அதன் வியூ இன்னமும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருந்தது. அந்த ஆறு எழுத்துக்குள் அது வரவில்லை.

ரவிதேஜா திரும்பவில்லை. சென்னகேசவன் பின்னால் செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். ஆறு எழுத்தையும் அழித்துவிட்டு வேறு பிரிண்ட் எடுத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ராமாமணி நாற்காலியைத் திருப்பினாள்.

"சார், தப்பு என்னுதுங்க. நேத்து நான் போட்ட எழுத்து அப்படியே நின்னுபோச்சுங்க. எண்ணாமெ தட்டியிருந்தா நாளைக்குக் கோபி மில்லு ஆளுக பூராம் கேட்டுக்கு வெளியதான் நின்னிருப்பாங்க."

அவர் செய்தித்தாளை மடித்தார். "எத்தன பேரு?"

"மொத ஷிப்டு முன்னூத்திப் பத்தொம்பது பேருங்க."

எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "அழிச்சுப்போட்டு மறுக்கா எடுங்க" என்றார்.

இருநூற்று முப்பத்தொரு வரி. மறுபடியும் ஸ்கேல், மறுபடியும் கீழிருந்து மேலே. ரவிதேஜா கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது. பன்னிரண்டு பத்துக்கு எண்டர் தட்டினாள். ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. தினமும் சென்னகேசவன் தன் பீரோவில் வைத்துப் பூட்டும் டூலின் பைண்டர் அன்று அவள் மேசையிலேயே கிடந்தது. மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு துணியை எடுத்து மூடிவைத்தாள்.

திங்கட்கிழமை முதல் பஸ் பிடித்து, ஆறே முக்காலுக்கெல்லாம் கோபி மில்லின் கேட் ஆபீசுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் டைம் கீப்பர் ஆறுச்சாமி.

"லைன் நின்னாச்சுங்களா?"

"நின்னாச்சுங்க. பழனியாத்தாதான் எப்பவும் மொத ஆளு. இருங்க, தேய்க்குது." கொஞ்சம் சலசலப்பு. "பச்சைங்க."

"அடுத்ததுங்க?"

"அதும் பச்சைங்க. ஏனுங்க அம்மணி, என்னுமோ தீபம் பாக்கற மாதிரி கேக்கறீங்க? லைனு ரோடு வரைக்கும் நிக்குது, போன வெக்கட்டுங்களா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லிப்போடுங்க."

"பச்சை, பச்சை. எல்லாம் பச்சைங்க."

போனை வைத்தாள். அவளுடைய இடது உள்ளங்கை மானிட்டரின் பக்கவாட்டை அணைத்துப் பிடித்திருந்தது. மூன்று எண்ணும் நேரம் அப்படியே இருந்தது. பிறகு கையை எடுத்தாள்.