கயிற்றின் அந்தப் பக்கம்

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன மறு வருஷம் அது. எர்ணாவூரில் ஒரு கிடங்கின் தகரக் கூரைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தோம். முகட்டுக்கு இந்தப் பக்கச் சரிவில் நான், அந்தப் பக்கச் சரிவில் என் கூட்டாளி காசிம். முகட்டின் மேல் போட்ட ஒரே கயிற்றின் இரண்டு முனைகளும் எங்கள் இடுப்பில் இருக்கும். ஒருவன் சறுக்கினால் மற்றவனுடைய கனம் அவனைத் தாங்கும். இறங்குவதென்றால் "அவுக்கட்டா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் முடிச்சில் கை வைப்போம்.

அன்று எங்களுக்குள் பேச்சில்லை. என் பிரஷ்ஷைத் தாரில் முக்கிவிட்டான் என்று காலையிலேயே சண்டை. சாப்பாட்டுச் சங்கு ஊதியது. நானாகக் கேட்பதா என்ற வீம்பில் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

ஈரப் பெயிண்டில் கால் வைத்துவிட்டேன். விளிம்பை நோக்கிச் சறுக்கும்போது, அவன் எப்போதோ சாப்பிடப் போயிருப்பான் என்றுதான் நினைத்தேன். வெடுக்கென்று இடுப்பில் கயிறு இறுகியது. முழங்காலுக்குக் கீழே அந்தரம்.

"இன்னா மாமு, கீறியா?" என்று முகட்டுக்கு அப்பாலிருந்து காசிமின் குரல் வந்தது.

தவழ்ந்து மேலேறி முகட்டைப் பிடித்துக்கொண்டேன். கொதிக்கிற தகரத்தில் அவன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"சங்கு ஊதி எம்மா நேரம் ஆவுது? துன்னப் போவலியா நீ?" என்று கேட்டேன்.

"கேக்காம எப்டி அவுக்கறது? உன்கிட்டதான் பேச்சு இல்லியே" என்றான், கோபம் குறையாமல்.

அதற்குப் பிறகும் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் இடுப்பில் கயிறு கட்டும் முன் யாராவது ஒருவன் பேசிவிடுவான். பெரும்பாலும் அது நான்தான்.