டிரைவர் சீட்டுக்கு நடந்து போனான்

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருஷம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து நானும் கணவரும் மகனைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினோம். இரண்டு வயசு நெருங்கியும் அவன் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. காலில் ஏதோ கோளாறு என்ற பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை. சேலத்து டாக்டரைத்தான் நம்பியிருந்தேன்.

சின்னசேலம் வருவதற்குள் பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். "இன்னிக்கு எதுவும் போவாதும்மா" என்று டிரைவர் கையை விரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்துக் கரும்புக் கொல்லையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கோ ஒரே கொண்டாட்டம்! சாய்ந்த மரத்தையே பஸ்ஸாக்கிவிட்டார்கள். புளிய இலைதான் டிக்கெட். கண்டக்டராக இருந்த சிறுமி என்னிடம் வந்தாள்.

"பாப்பாவ இறக்கி வுடுங்கக்கா. பஸ்ஸு கெளம்பப் போவுது."

இறக்கி விடுவதா! எங்களுடையது ஜவுளிக்கடைக் குடும்பம், பெரிய கூட்டம். வெகுகாலம் காத்திருந்து பிறந்த ஒரே வாரிசு. மாமியார் இடுப்பு, கொழுந்தன் தோள், கடை ஆட்கள் மடி என்று கை மாறியே வளர்ந்தான். அவன் கால் தரையில் பட்டதே அபூர்வம். ஆனால் அன்றைக்கு அவன் என் இடுப்பில் நிற்காமல் துள்ளினான். சரி என்று மரத்தைப் பிடித்து நிற்க வைத்தேன்.

கிளை பிரிகிற இடம்தான் டிரைவர் சீட். அவனுக்கு அதுதான் வேண்டும்! மரத்தைப் பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்ந்தான். நடுவில் பிடிக்க ஒன்றுமில்லாத இடம் வந்தது. நான் பதறி ஓடப் பார்த்தேன்.

"வுடு, பாத்துக்கினு இரு" என்று கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகன் மரத்தை விட்டான். தள்ளாடினான். யா அல்லாஹ், ஓர் அடி வைத்தான்! தொபுக்கென்று விழுந்தான், அழவில்லை. தானே எழுந்து, தத்தித் தத்திப் போய்ச் சீட்டைப் பிடித்துவிட்டான்! சிறுமி விசில் அடிக்க, நிஜ டிரைவரே கைதட்டினார். நான் நடுரோட்டில் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அப்புறம் ஒரு நாள் சேலம் போனபோது, காலில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். இன்றைக்கும் யாராவது குழந்தையை இடுப்பிலேயே வைத்திருந்தால் என் வாய் சும்மா இருப்பதில்லை: இறக்கி வுடுங்க, அதுக்கும் ஒரு பஸ்ஸு கெளம்பப் போவுது!