நாலடி முன்னால்

கல்யாணமான புதிதில் என் மனைவிக்குத் தெருவில் நடக்கத் தெரியவில்லை. அப்படித்தான் கடலூரில் நாங்கள் முடிவுகட்டினோம். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் என் தோளோடு தோளாக நடந்து வந்தாள். வந்ததோடு விடாமல் பேசிக்கொண்டும் வந்தாள்.

அவள் சிதம்பரத்து டிராயிங் மாஸ்டரின் மகள். மாஸ்டரும் அவர் மனைவியும் சாயங்காலம் கீழவீதியில் ஜோடியாக நடப்பார்களாம். ஊர் சிரித்துப் பார்த்து, அலுத்துப்போய், வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டதாம். எங்கள் வீட்டில் அப்பா நாலடி முன்னால் போவார், அம்மா பின்னால். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அப்பாவின் சட்டை முதுகில் எந்த இடத்தில் முதலில் வியர்க்கும் என்று அம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும். அவர் புதுக் கண்ணாடி போட்டது மட்டும் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கடைத்தெருவில் அன்றைக்கு என் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னா மச்சான், கையப் புடிச்சிக்கல? கூட்டத்துல தொலஞ்சிடப் போற!"

"அவுங்கதான் பத்திரமா கூட்டிக்கிட்டுப் போறாங்களே, உனக்கென்னா?"

நடையை எட்டிப் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகப் போயிற்று. அவள் ஏதோ ஒரு பேச்சின் பாதியில் இருந்தாள். மிச்சத்தை யாரிடம் சொன்னாளோ.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"நான் கூட வந்தா என்னாங்க?"

"நாலு பேர் பாக்குறாங்க."

"ரெண்டு பேர்தானே இருந்தாங்க?"

பதில் இல்லாத ஆண்பிள்ளை செய்வதைச் செய்தேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் கெட்டிக்காரி, அடுத்த வாரமே கற்றுக்கொண்டாள். நான் வேகமாகப் போனால் வேகம், மெதுவாகப் போனால் மெது. நாலடி கூடவும் கூடாது, குறையவும் குறையாது. வழிப்பேச்சு அதோடு நின்றது. ஆபீஸ் மன்றத்தில் பெண்ணுரிமை பற்றி நான் முக்கால் மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கிய அன்றும், போட்ட மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தவன் நான்தான். அந்தப் பேச்சுக்காகப் படித்த புத்தகங்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வருத்தம் தெரிவிக்கலாம்தான். அதையும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து, மாஸ்டர் போய்விட்டார் என்று தந்தி வந்தது. நாலு வயது மகளைக் கூட்டிக்கொண்டு பாசஞ்சரில் கிளம்பினோம். வழியெல்லாம் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியே அழுதாள். சிதம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு குதிரை வண்டிகூட இல்லை. நடந்தோம்.

பாதி வழியில் பின்னாலிருந்து அவள் விசும்புவது கேட்டது. இன்றைக்காவது பக்கத்தில் நடக்கலாம் என்று தோன்றியது. நடையைக் குறைத்தேன். பின்னால் செருப்புச் சத்தமும் குறைந்தது. நின்றேன். சத்தமும் நின்றது. திரும்பினால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நிற்கிறாள்.

"பக்கத்துல வாயேன்."

ஓர் அடி எடுத்து வைத்தாள். மகள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா இன்னும் போவலம்மா. நில்லு."

இவளுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

"நீங்க போங்க" என்றாள் மனைவி. "நாலு பேர் பாப்பாங்க."

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன். அப்படி இருந்திருந்தால் கொஞ்சம் பிழைத்திருப்பேன். தெருவில் ஒரு மாடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

போனேன். கீழவீதி வீட்டில் கூடியிருந்தவர்கள் என்னைக் கண்டதும் வழி விட்டார்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவளுடைய அப்பா. அவர் தலைமாட்டில் முதலில் போய் நின்றது நான். அவள் வாசற்படியில், நான் நகர்வதற்காகக் காத்திருந்தாள்.