கடைசியாக ஏறுபவள்

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவுக்கு நான் தலைவியான முதல் வாரம். சந்தையில் விற்கச் சாமை மூட்டைகளோடு பேருந்துக்கு நின்றோம். அதை விட்டால் மாலையில்தான் அடுத்த வண்டி.

"மூட்டையெல்லாம் ஏத்த முடியாது. தலைவியம்மா மட்டும் வாங்க, முன்னாடி சீட்டு இருக்குது," என்றார் நடத்துநர்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

தலைச்சுமையோடு ஜன்னலருகே வந்தாள் எங்கள் குழுவின் மல்லிகா.

"அக்கா, நீ மட்டும் போய்ட்டு அங்க இன்னாத்த விக்கப் போற?"

விசில் சத்தம் கேட்டதும் இறங்கி, வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னாம்மா இது, வழிய வுடு!" என்று ஓட்டுநர் கத்தினார்.

"லக்கேஜ் டிக்கெட் போட்டு மூட்டைய ஏத்துங்க. அதுவரைக்கும் வண்டி நகராது."

நான் நகரவில்லை. கடைசியில் பயணிகளே எழுந்து வந்து மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

தலைவியின் வேலை என்னவென்று பயிற்சி வகுப்பில் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அது அந்த வண்டியின் முன்னால்தான் விளங்கியது. இன்றும் சந்தை நாளில் வண்டி தாமதமாகிறதென்று முறைப்பவர்கள் முறைக்கட்டும். கடைசி மூட்டை ஏறும்வரை என் கால் தரையில்தான் இருக்கும்.