அத்தானுக்குத் தைத்த பூட்ஸ்

என் அக்கா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவள். இருபத்திரண்டு வருடமாக உடைந்த கால்களோடுதான் பிழைப்பு. முகத்தை மறந்தாலும் மறப்பாள், ஒருமுறை பார்த்த பாதத்தை மறக்கமாட்டாள். பொய் சொல்ல அவளுக்குச் சுத்தமாக வராது. என் சமையலைப் பற்றி அவளிடம் கருத்துக் கேட்டுப் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் நேர் எதிர். யார் மனமும் நோகக் கூடாது அவருக்கு. கடைக்காரர் அழுகல் தக்காளியைக் கொடுத்தாலும் சிரித்தபடி வாங்கி வருவார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பழங்கால உடைக் குழு. முந்நூறு வருடத்துக்கு முந்தைய சிப்பாய், மாலுமி, வியாபாரி போல உடுத்திக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை மைதானத்தில் கூடுவார்கள். அத்தான் அதில் குதிரைப்படை வீரர். குதிரை மட்டும் கிடையாது.

அவருக்கு முழங்கால் வரை வரும் தோல் பூட்ஸை நானே தைக்கிறேன் என்று அக்கா உட்கார்ந்தாள். காரணம் இருந்தது. அந்தக் குழுவின் கூடத்தில் ஒரு பலகை உண்டு. மிஷினே படாமல் கையால் தைத்தவர்களின் பெயர்தான் அதில் ஏறும். பத்தொன்பது வருடத்தில் ஏறியது நாலே பெயர். பூட்ஸ் தைத்து ஏறியவர் ஒருவருமில்லை. புடவைக்கோ நகைக்கோ ஆசைப்படாத என் அக்கா அந்தப் பலகைக்கு ஆசைப்பட்டாள்.

அத்தானின் இரண்டு காலுக்கும் மாவுக்கட்டுப் போட்டு, காய்ந்ததும் வெட்டி எடுத்து, அந்தக் கூட்டுக்குள் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுத்தாள். சாப்பாட்டு மேஜை மேல் அத்தானின் கால்கள் நிற்க, பக்கத்தில் உட்கார்ந்து அத்தான் சாப்பிடுவார். செருப்புத் தைப்பவர்கள் போல ஆணி அடித்தால் மாவு அச்சு உடையும் என்பதால், ஊறவைத்த தோலை அதன் மேல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள். குளியலறை முழுக்கத் தோல் நாற்றம். முதல் ஜோடிக்குக் காகித அளவைத் திருப்பிப் போடாமல் வெட்டிவிட்டாள். இரண்டுமே இடது கால். அழுதுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. தேன்மெழுகு தடவிய நூலை இழுத்து இழுத்துச் சுண்டு விரல் இரண்டும் அறுபட்டன. அடித்தோலில் ஒரு பள்ளம் கீறி, தையலை அதற்குள் இறக்கி, மேலே தோலை மூடி ஒட்டினாள். வெளியே ஒரு தையல் தெரியாது. ஏழு மாதம் ஆனது.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு போட்டுப் பார்த்த அத்தான், "பஞ்சு மாதிரி இருக்கு" என்றார். நடந்து பழக்குகிறேன் என்று இரண்டு நாள் எடுத்துப் போனார். பிறகு தானே பாலிஷ் போட்டுப் பெட்டியில் வைத்துக் கட்டினார். "இனிமே அன்னிக்கே பிரிச்சுக்கலாம்." அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

குழுவின் தலைவி ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தைத்தவர் எல்லார் முன்னாலும் 'இதில் மிஷின் படவில்லை' என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகு தலைவி ஒரே ஒரு தையலை வெட்டி இழுப்பார். கைத்தையல் என்றால் அக்கம்பக்கத்துத் தையல் அசையாது. மிஷின் தையல் என்றால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

கூட்டத்தன்று மைதானத்துக் கூடாரத்தில் அக்கா நிமிர்ந்து நின்று சத்தியம் செய்தாள். "எங்க வேணா வெட்டிப் பாருங்க மேடம்" என்று தானாகவே சேர்த்துச் சொன்னாள்.

தலைவி அடித்தோலைக் கீறித் திறந்து ஒரு தையலை வெட்டி இழுத்தார். நூல் சரசரவென்று குதிகால் வரை உருவிக்கொண்டு வந்தது.

யாரோ சிரித்தார்கள். தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "வெளியில குடுத்துத் தைச்சா தப்பே இல்லம்மா. சத்தியம் பண்ணியிருக்க வேண்டாம்."

அக்கா அந்த நூலை வாங்கி விரலால் உருட்டினாள். "இது என் நூல் இல்ல."

"உங்க பூட்ஸ்ல வேற யார் நூல் இருக்கும்?" என்றார் மாலுமி வேடக்காரர்.

ஒரு நொடி நானும் அவளைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் முடியாமல் வெளியில் கொடுத்திருப்பாளோ என்று. கூடப் பிறந்தவள் நான். அந்த ஒரு நொடிக்காக என்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அக்கா திரும்பி அத்தானைப் பார்த்தாள். இடுப்பில் வாள், முறுக்கிய ஒட்டு மீசை, வாயில் மட்டும் பூட்டு. வெறும் சாக்ஸோடு நின்று கூடாரத்தின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். அவரைக் காட்டிக்கொடுக்காமல், "மன்னிச்சுக்குங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா பூட்ஸை எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டுக்கு நானும் போனேன். சமையலறை வாசலில் நின்றபடி அத்தான் எல்லாவற்றையும் கொட்டினார். வலது பூட்ஸ் விரலைக் கடித்ததாம். நடந்ததில் முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டதாம். தெருமுனைச் செருப்புக் கடையில் இரண்டையும் கொடுத்து, அடித்தோலைப் பிரித்து மிஷினில் அடித்து வாங்கினாராம்.

"ஏழு மாசம் உழைச்சிருக்க. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் சொல்லல."

"கிழிஞ்சதைச் சொல்லியிருந்தா பிரிச்சுத் தைச்சிருப்பேன்" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "அது போகட்டும். அங்க ஏங்க வாயத் திறக்கல?"

அத்தான் மீசையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு அந்த மேடத்துக்குப் போன் பண்ணி, தனியா விஷயத்தைச் சொல்லிடறேன்."

"தனியாவா?"

"அத்தனை பேர் முன்னாடி எப்படிம்மா சொல்றது? எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

"ஆமாங்க" என்றாள் அக்கா. "என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."